ஊமைக் கட்டை

எங்கள் ராக் பேண்டுக்குச் சுங்கச்சாவடி என்று பேர்.
திம்மராயன் வைத்தது.
கிருஷ்ணகிரியில் நிற்காமல் எவனும் போக முடியாதே, அதனால் என்றான்.
நின்றார்கள்.
காசு கொடுத்தார்கள்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவனுக்குக் கிரானைட் பட்டறையில் கல் அறுக்கிற வேலை;
டிரம்ஸ் அடித்தால்தான் காதுக்கு ஓய்வு என்பான்.
இர்ஷாத் கிடார், பகலில் பழைய டயர்.
நாகவேணி பாடுவாள்:
தமிழில் தொடங்கித் தெலுங்கில் கோபித்துக்
கன்னடத்தில் முடிப்பாள்.
நான் கீபோர்டு.

கீபோர்டுக்காரன் மேடையில் எங்கே நிற்பான்?
ஸ்பீக்கருக்குப் பின்னால்,
ஜெனரேட்டர் ஒயர் நுழைகிற சந்தில்.
எங்கள் போட்டோக்களில்
என் இடது முழங்கை நிறைய இருக்கிறது.

வைகாசி ஆனியில் மாங்கூழ் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
பெங்களூரா என்று பேர், பெங்களூரையே பார்த்திராத பழம்
லாரி லாரியாக வந்து கூழாகும்.
எத்தனை முறை கழுவினாலும் விரலில் பிசுக்கு.
விடிந்ததும் அதே கையோடு வாசிக்க உட்காருவேன்.
ஒருநாள் நடுவிலிருந்த கறுப்புக் கட்டை ஒன்று
அழுந்தியது, எழவில்லை.
எழுந்தபோது குரல் இல்லை.
இரண்டு நாள் எறும்புகள் வந்து விசாரித்துவிட்டுப் போயின.

பெங்களூரில் மூவாயிரத்து இருநூறு கேட்டான்.
சரிதான் போ என்று
அந்தச் சுரத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன்,
பைபாஸில் தெரிந்த குழியை
லாரிக்காரன் பேசிக்கொண்டே ஒதுக்குவதுபோல.
'ஆறு வழி' பாட்டில் மட்டும் சுற்ற வழியில்லை.
அந்த இடம் வந்தால் அரை நொடி ஒன்றுமே இருக்காது.
திம்மராயன் குச்சியை மேலேயே பிடித்துக்கொள்வான்.
நாகவேணி வாயைத் திறந்தபடி நிற்பாள்.
கூட்டம் கத்துவது
அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான்.

மாங்கனிக் கண்காட்சியில்
கோலப்போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நடுவே இருபது நிமிடம்.
ஓசூரில் மூன்று கல்லூரி.
கோரமங்களாவில் ஒரு பார், அதன் மேனேஜர்
இந்தி தெரியாதா என்றார்.
அத்திப்பள்ளி தாண்டி அதிகாலை மூன்று மணிப் பேருந்தில்
மடியில் படுத்திருந்த கீபோர்டுக்கு
நடத்துநர் அரை டிக்கெட் கிழித்தார்.
அதை இன்னும் வைத்திருக்கிறேன்.
எங்களுக்குக் கிடைத்த ஒரே விருது என்று
இர்ஷாத் சொல்வான்.

பிறகு நாகவேணிக்குச் சென்னையில் வாய்ப்பு.
'ஆறு வழி'யைக் கேட்டாள்.
எடுத்துக்கோ என்றேன்.
இர்ஷாத் அவளோடு இன்றுவரை பேசுவதில்லை.
திம்மராயனுக்குப் போச்சம்பள்ளிப் பக்கம் ஸ்கூட்டர் கம்பெனி,
நிரந்தரம், பி.எஃப். உண்டு.
நான் காதுகுத்து, கட்சிக் கூட்டம், வளைகாப்பு,
ஞாயிறு காலை எலத்தகிரி கோயிலில் பூசை.
ஆமெனை அவ்வளவு இழுக்காதே சவரி என்றார் பாதிரியார்.

போன மாதம் காவேரிப்பட்டணம் பேருந்தில் அந்தப் பாட்டு.
என் பேர் எங்கும் வராது, தெரியும்.
வாசித்தவன் யாரோ, சுத்தமான கை.
அந்த இடம் வந்தது.
அங்கே ஒரு சுரம் இருந்தது.
சரியான சுரம்.
கட்டை நன்றாக இருந்திருந்தால்
நானும் அதைத்தான் வாசித்திருப்பேன்.
பக்கத்து ஆள் காலால் தாளம் போட்டுக்கொண்டே போனார்,
எதையும் தாண்டாமல்.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூவைக் கழற்றினேன்.
உள்ளே மாம்பழ நார், கறுத்து, நகக்கண் அளவு.
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
அழுத்தினால் பேசியது.
இவ்வளவுதானா.
மூவாயிரத்து இருநூறு கேட்டவனை
அன்றிரவு மட்டும் முப்பது தடவை நினைத்தேன்.

ஞாயிறு பூசையில் காணிக்கைப் பாட்டு.
இன்று தொட்டுவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன்.
விரல் கேட்கவில்லை, தாண்டியது.
பாடல் குழுவின் பன்னிரண்டு பெண்களும்
அந்த அரை நொடிக்கு
மூச்சை நிறுத்திக் காத்திருந்து
அடுத்த வரியை எடுத்தார்கள்.